மண் ஒட்டாத ஷூ

எனக்கு எழுத வராது என்பதைப் போன வாரமே சொல்லியிருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு சரி. ஒன்றை எழுத உட்கார்ந்தால் வேறொன்று வந்து முன்னால் நிற்கும். வருஷம் கேட்டால் முழிப்பேன். பேர்களில் பாதி மறந்துபோச்சு. நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தாலே வேர்த்துவிடும் எனக்கு. காகிதம் திருப்பிப் பேசாது என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் ஒரு ஜோடி ஷூவைப் பற்றி.

புதுக்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு நீளமான ஓட்டுக் கட்டிடம். அதன் தாழ்வாரத்தில் காலையில் வெயில் விழுகிறதுக்கு முன்னால் நர்ஸ் படிப்புப் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். இரண்டு கையையும் நீட்டி, புறங்கை மேலே தெரிய. பெரிய சிஸ்டர் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே வருவார். அவர்தான் அந்தப் பெண்களுக்குப் பாடம் சொல்லித்தருகிறவர், நாகர்கோவில் பக்கத்துக்காரர்.

அன்றைக்கு மரகதத்தின் முன்னால் நின்றார். கையைப் பார்த்தார். கொண்டையைப் பார்த்தார். பிறகு குனிந்து காலைப் பார்த்தார்.

"எல்லாரும் இங்கப் பாருங்க. மரகதத்துக்க ஷூவப் பாருங்க. நேத்துதான் கிராமத்துக்குப் போயிட்டு வந்திருக்கா. ஒரு பொட்டு மண்ணு உண்டா? இதாக்கும் ஷூ வச்சிருக்க லட்சணம்."

மற்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். பாராட்டு வாங்கிய மரகதம் தலையைக் குனிந்துகொண்டாள். திட்டு வாங்கினவள் மாதிரி, காதெல்லாம் சிவந்து.

நான் கஞ்சிச் சட்டியோடு தூணோரம் நின்றிருந்தேன். இதென்னடா இது, புகழ்ந்தால் அழுகிற முகம் என்று எனக்கு ஆச்சரியம்.

என் வேலை

அங்கே எனக்கு என்ன வேலை என்று சொல்ல வேண்டுமே. சமஸ்தானம் போய் நாங்கள் திருச்சி ஜில்லாவில் சேர்ந்து சில வருஷம் ஆகியிருக்கும். திருக்கோகர்ணத்தில் வாழ்க்கைப்பட்டு வந்தேன். வீட்டுக்காரர் பஸ்ஸில் கிளீனர். அவர் சொல்லித்தான் ஆஸ்பத்திரி விடுதியில் சேர்ந்தேன்.

சேலைக்குக் கஞ்சி போடுவது, தலையில் வைக்கும் வெள்ளைத் தொப்பியை மடிப்புக் கலையாமல் காயவைப்பது, கித்தான் துணி ஷூவுக்கு வெள்ளை பூசுவது. இதுதான் வேலை. என் பெயர் வெள்ளச்சி. இது போதாதா அந்தப் பெண்களுக்கு?

"வெள்ளச்சி, வெள்ளையடிச்சாச்சா?"

"ஏன்டி, ஷூவுக்குப் பூசின மிச்சத்தை ஒன் மூஞ்சிக்குப் பூசிக்கிட்டா பேருக்குப் பொருத்தமா இருப்பேல்ல?"

இப்படிக் கேலி செய்கிறவள் பிலோமினா. நான் கறுப்பு. சிரித்துக்கொண்டே போய்விடுவேன்.

அந்தப் பெண்கள் உடுத்துவதெல்லாம் எனக்கு வேடிக்கையாக இருக்கும். வளையல் கூடாது. மோதிரம் கூடாது. பூ கூடாது. தாலி இருந்தால் ரவிக்கைக்குள் ஊக்கால் குத்தியிருக்க வேண்டும். மெட்டி சத்தம் போடக் கூடாது. பின்னல் தொங்கக் கூடாது, கொண்டைதான், அதற்கு மேல் வலை. நகத்தில் அழுக்கு இருந்தால் அன்றைக்கு வார்டு கிடையாது.

கல்யாண வயசுப் பெண்களுக்கு இப்படி ஒரு சட்டமா என்று முதலில் பரிதாபப்பட்டேன். பிறகு ஏன் ஏன் என்று யோசிக்க ஆரம்பித்தேன். கேட்க வாய் வராது. பாடம் நடக்கிற அறைக்கு வெளியே துணி மடித்துக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன்.

பொட்டு விஷயத்தில் மட்டும் சிஸ்டர் இறங்கி வந்தார். முதலில் அதுவும் கூடாது என்றுதான் சட்டம். பிரசவத்துக்கு வந்த அன்னவாசல் பக்கத்து அம்மா ஒருத்தி, வெள்ளைச் சேலை, வெறுங்கை, வெறும் நெற்றியோடு சுற்றி நின்ற பெண்களைப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதிருக்கிறாள். "இத்தனை தாலி அறுத்துப்போன சிறுசுகளா! இந்த ஊருக்கு என்ன கேடு வந்துச்சு?" என்று. பிள்ளை பிறந்த பிறகும் அழுகை நிற்கவில்லையாம். மறுநாளிலிருந்து கடுகளவு பொட்டு வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது.

தலைகீழ்க் கடிகாரம்

நடுவே ஒன்று சொல்லிவிடுகிறேன், மறந்துபோவேன்.

சிஸ்டர் நெஞ்சில் ஒரு சின்னக் கடிகாரம் குத்தியிருப்பார். அது தலைகீழாகத் தொங்கும். பெரிய படிப்புப் படித்தவர், அவசரத்தில் மாற்றிக் குத்திவிட்டார், சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை போல என்று நினைத்தேன். ஒருநாள் சலவைச் சேலையை அவர் அறையில் வைக்கும்போது மேஜையில் அது கிடந்தது. பின் ஊக்கைப் பிரித்து, நூலால் சுற்றி, நேராக நிற்கிற மாதிரி செய்து வைத்துவிட்டு வந்தேன். நல்ல காரியம் செய்த சந்தோஷம் எனக்கு.

மறுநாள் வார்டில் ஒரு நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்க்கிறார். குனிந்து நெஞ்சைப் பார்க்கிறார். மணி தலைகீழாகத் தெரிகிறது. கழுத்தைத் திருப்புகிறார், தலையைச் சாய்க்கிறார். பிலோமினா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டாளாம்.

குத்தியிருக்கிறவர் குனிந்து பார்த்தால் நேராகத் தெரியத்தான் அது தலைகீழ். சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, என் தலையைக் குனியவைத்துக் காட்டினார். "பாத்தியா மக்களே? இது ஒனக்குக் காட்டுறதுக்கில்ல, எனக்குப் பாக்கியதுக்கு."

திட்டவில்லை. அதனால்தான் பிற்பாடு நடந்ததில் அவர் என்ன செய்திருப்பார் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

சிவப்பு நூல்

கீழராஜ வீதியில் ஒரே கடையில் எடுத்த ஷூக்கள். எல்லாம் ஒன்றுபோல இருக்கும். வெள்ளை பூசிக் காயவைத்தால் யாருடையது எது என்று தெரியாது. பேரெழுதிப் பார்த்தேன், மை வெள்ளையில் ஊறிப் பரவிவிட்டது. அதனால் உள்பக்கம், குதிகால் விளிம்பில், ஒவ்வொருத்திக்கும் ஒரு நிறத்தில் இரண்டு தையல் போட்டு வைத்தேன். மரகதத்துக்குச் சிவப்பு. பிலோமினாவுக்கு நீலம். சிஸ்டருக்குப் பச்சை. சிஸ்டரும் அதே கித்தான் ஷூதான் போடுவார். மரகதத்துக்கும் அவருக்கும் பாதம் ஒரே அளவு.

கிராமத்துக்குப் போய் வருகிற நாளில் எனக்குத்தான் வேலை அதிகம். கந்தர்வக்கோட்டை ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி முந்திரிக்காட்டு வழியாக நடந்து போய் வருவார்கள். அந்தச் செம்மண் சும்மா விடுமா? ஷூவெல்லாம் குங்குமம் கொட்டின மாதிரி வந்து சேரும். சுரண்டி, கழுவி, பூசிக் காயவைக்க வேண்டும். அப்படியும் மறுநாள் விளிம்பில் சிவப்புத் தெரியும்.

சிவப்பு நூல் ஷூவில் மட்டும் மண் இருக்காது. பக்கவாட்டில் லேசாகத் தூசி, அவ்வளவுதான். அடிப்பாகத்து ரப்பரில் கடையில் வாங்கின கோடுகள் அப்படியே இருக்கும்.

எல்லாரும் நடந்த மண்ணில்தானே இவளும் நடந்தாள்? பறந்தா போனாள்? ஒவ்வொரு தடவையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன்.

கருவேல முள்

சிஸ்டர் பாராட்டி ஒரு வாரம் இருக்கும், மரகதம் நொண்ட ஆரம்பித்தாள். குதிகால் சீழ் கட்டிவிட்டது. சிஸ்டரே உட்கார்ந்து கீறி எடுத்தார். உள்ளே கருவேல முள். வெந்நீர் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன்.

முள்ளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் சிஸ்டர். பிறகு கட்டிலுக்கடியில் கிடந்த ஷூவை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஓட்டை இல்லை.

"ஷூக்குள்ள முள்ளு எப்படிப் போச்சு?"

மரகதம் காலை இழுத்துக்கொண்டாள்.

"கழட்டிப்போட்டுட்டா நடந்த? நான் வகுப்புல என்ன படிப்பிச்சேன்? கொக்கிப்புழு எது வழியா ஏறும்?"

"பாதம் வழியா, சிஸ்டர்."

"தெரிஞ்சுமா? தலையில உள்ள தொப்பி மொதக்கொண்டு கால்ல உள்ள ஷூ வரைக்கும் எல்லாஞ் சேந்ததுதான் ஒரு உடுப்பு. ஒண்ணக் கழட்டினா மொத்தமும் கழட்டின மாதிரி. இன்னொரு மட்டம் வெறுங்காலோட நீ கிராமத்துல நின்னேன்னு கேட்டா, படிப்பு முடிஞ்சுது. ஊருக்கு அனுப்பிருவேன். கேட்டியா?"

சிஸ்டர் சொன்னால் சொன்னதுதான். நகத்துக்காக ஒரு பெண்ணை அழ அழத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

கொக்கிப்புழு என்றதும் நான் என் காலைப் பார்த்துக்கொண்டேன். பிறந்ததிலிருந்து அதில் செருப்பு ஏறியதில்லை. எத்தனை புழு ஏறியிருக்குமோ!

அன்று சாயந்திரம் கட்டு மாற்றும்போது எனக்கே தெரியாமல் வாய் வந்துவிட்டது. "ஏன்க்கா கழட்டுனீங்க?"

மரகதம் என் பக்கம் திரும்பினாள். "ஒனக்கு எந்த ஊரு?"

சொன்னேன்.

"நாங்க போயிட்டு வர்ற கிராமத்து மேலத்தெருவுல நீ செருப்புப் போட்டு நடந்தா யாராச்சும் கேப்பாகளா?"

"எங்கிட்ட செருப்பே இல்லைக்கா."

சிரித்துவிட்டாள். "இருந்தா?"

"கேக்க மாட்டாக."

"என்னையக் கேப்பாக. நாங்க அந்தத் தெருவுல கால்ல போட்டுக்கிட்டு நடக்கப்படாது. அந்த ஊருக்குக் கெழக்க இருக்கே குடிசைக, அதுல கடைசி வீடு எங்க வீடு. எங்கய்யாவுக்கு மேலத்தெருவுல மாடு கன்னு பாக்குற வேலை. நான் போட்டு நடந்தா ராத்திரிக்கு எங்கய்யா போயி கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். முந்திரிக்காட்டுலயும் அந்தத் தெரு ஆளுக இருப்பாக. அதான் பஸ்ஸ விட்டு எறங்குனதுமே கழட்டிப் பைக்குள்ள வச்சுக்கிருவேன். சிஸ்டருக்கு வெளியூரு. அவுககிட்ட இதை எப்படிச் சொல்லுறது? சொல்லவே வெக்கமா இருக்கு."

வெறுங்காலில் இரண்டு தினுசு இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என்னுடையது வாங்க வழியில்லாத வெறுங்கால். அவளுடையது வாங்கினாலும் போடக்கூடாத வெறுங்கால். அந்தப் பக்கத்து மண்ணில்தான் நானும் பிறந்து வளர்ந்தேன், ஒருநாளும் இதைக் கவனித்ததில்லை.

"இனிமே என்னக்கா செய்வீங்க?"

"கழட்டுனா படிப்புப் போச்சு. கழட்டலேன்னா எங்கய்யாவுக்கு வேலை போச்சு. நீ சொல்லு, என்ன செய்ய?"

எனக்கு என்ன தெரியும்? கட்டை இறுக்கிவிட்டேன் போல. "ஆத்தாடி, மெதுவாடி" என்றாள்.

வேப்பமரம்

கால் ஆறிய பிறகு ஒருநாள் காலை. அதே மேலத்தெருவிலிருந்து ஒருத்தர் சைக்கிளில் வந்தார். தலைப்பிரசவம், ராத்திரியிலிருந்து வலி, வண்டியில் ஏற்ற முடியாது என்றார். சிஸ்டரே கிளம்பினார். கூட பிலோமினா, மரகதம். பை தூக்கும் ஆயாவுக்குக் காய்ச்சல், அதனால் என்னை அழைத்துக்கொண்டார்கள். அப்படித்தான் நான் போனேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி முந்திரிக்காடு தாண்டி, கண்மாய்க் கரையில் ஏறி இறங்கினால் வேப்பமரம். அதற்கப்பால் தெரு. மரகதத்தின் நடை தளர்ந்துகொண்டே வந்தது. மரத்தடியில் நின்றுவிட்டாள்.

"சிஸ்டர், நான் கொல்லைப்பக்கமா சுத்தி வந்துர்றேன்."

"ரோடு இருக்கப்ப ஏன் காட்டுக்குள்ள போற?"

பிலோமினாதான் படக்கென்று போட்டு உடைத்தாள். "அந்தத் தெருவுல இவ ஷூ போட்டு நடக்கக்கூடாதாம் சிஸ்டர். இவ இந்த ஊரு."

சிஸ்டர் மரகதத்தைப் பார்த்தார். அவள் குதிகாலைப் பார்த்தார். அந்த முள் அப்போதுதான் அவருக்குத் தைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அதற்குள் அந்த வீட்டுப் பெரியவர் எதிர்கொண்டு வந்துவிட்டார். நல்ல மனுஷர் மாதிரிதான் இருந்தார். கும்பிட்டார்.

"வாங்க, வாங்கம்மா. புள்ள ரொம்பச் சங்கடப்படுது. சீக்கிரம் வாங்க." சொல்லிக்கொண்டே வந்தவர் மரகதத்தைப் பார்த்ததும் நின்றார். "இது நம்ம வீரன் மகள்ல? அந்தப் புள்ளைய மட்டும் கால்ல கெடக்குறதக் கழட்டிட்டு வரச் சொல்லுங்கம்மா. தப்பா நெனைக்காதீங்க. ஊருன்னு ஒண்ணு இருக்குல்ல?"

கோபமே இல்லாமல், தண்ணீர் கேட்கிற மாதிரி கேட்டார். தெருமுனைக் கிணற்றில் நீர் இறைத்துக்கொண்டிருந்த பெண்கள் கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டார்கள்.

"அவளுக்க காலாக்கும். அவளே சொல்லட்டும்" என்றார் சிஸ்டர்.

பை நழுவி விழப் பார்த்தது. மரகதம் குனிந்தாள். கழற்றத்தான் குனிகிறாள் என்று நினைத்தேன். கயிறு தளர்ந்திருந்தது போல, இறுக்கி முடிச்சுப் போட்டு நிமிர்ந்தாள். குரல் நடுங்கியது. ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"இது செருப்பு இல்லீங்கய்யா. உடுப்பு."

"என்னது?"

"உடுப்புங்கய்யா. சேலை, ரவிக்கை, தொப்பி, இது எல்லாஞ் சேந்து சர்க்கார் உடுப்பு. இதுல ஒண்ணக் கழட்டுனா மொத்தமும் கழட்டுன மாதிரின்னு எங்களுக்குச் சட்டம். நடுத்தெருவுல ஒரு பொம்பளப் புள்ளைய உடுப்பக் கழட்டச் சொல்லலாமுங்களா?"

பெரியவர் அவள் தொப்பியையும் ஷூவையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் பக்கம் உடுப்பு என்றால் போலீஸ்காரரும் தபால்காரரும் போடுவது. அதைக் கழட்டு என்று யார் சொல்வார்கள்? அதுவும் வயசுப் பெண்ணிடம்?

கிணற்றடியிலிருந்து ஒரு குரல். "ஏ ஆத்தா, கால்ல போடுறது உடுப்பாம்ல!"

இன்னொருத்தி விடவில்லை. "அப்ப நம்ம மாமா இத்தனை நாளும் உடுப்பில்லாமயா தெருவுல திரிஞ்சாக?"

பெரியவர் காலில் செருப்பு இல்லை. கிணற்றடி முழுக்கச் சிரித்தது. அவருக்கே உதடு கோணியது. "வாயப் பாரு கழுதைகளுக்கு" என்று அங்கிட்டுத் திரும்பினார்.

வீட்டு வாசலிலிருந்து அவர் சம்சாரம் கத்தினாள். "அங்க என்ன பேச்சு? இங்க ஒருத்தி உசுரு போயி உசுரு வருது! வரச் சொல்லுங்க மொதல்ல!"

அவர் ஒதுங்கினார். வரச் சொன்னார் என்று சொல்ல முடியாது. ஒதுங்கினார், அவ்வளவுதான்.

நாங்கள் நடந்தோம். மூன்று ஜோடி ஷூ, நடுவே என் வெறுங்கால். அந்தத் தெருவில் ரப்பர் மண்ணில் பதிகிற சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

வாசலில் கிடந்தவை

வீட்டுக்குள் போகும்போது எல்லாரும் கழற்றத்தானே வேண்டும்? சிஸ்டர் படிக்குப் பக்கத்தில் கழற்றினார். அதை ஒட்டிப் பிலோமினா. மரகதம் மட்டும் தன்னுடையதைத் தள்ளி, சாக்கடை ஓரமாகத் தனியாக வைத்தாள். பழக்கம். நான் பார்த்தேன்.

என்னைக் கொல்லைப்பக்கம் வெந்நீர் வைக்க அனுப்பினார்கள். அடுப்பு எரிய மறுத்தது. ஊதி ஊதிக் கண்ணெல்லாம் நீர். உள்ளே சிஸ்டர் குரலும் மரகதத்தின் குரலும் மாறி மாறிக் கேட்டன. ஒரு தடவை சிஸ்டர், "சோப்பு வாசல்ல உள்ள பையில இருக்கு, நானே எடுத்துக்கிடுதேன்" என்று வெளியே போனது கேட்டது. வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

பெண் பிள்ளை. முதலில் அழவில்லை. மரகதம்தான் தலைகீழாகப் பிடித்து உள்ளங்காலில் சுண்டினாள் என்று பிலோமினா சொன்னாள். பிறகு அது அழுத அழுகையில் கொல்லைக்கோழி எல்லாம் ஓடின.

வெளியே வந்தோம். வாசலில் இரண்டு ஜோடிதான் இருந்தது.

சாக்கடை ஓரத்தில் தனியாகக் கிடந்த ஜோடியைக் காணோம். மரகதத்தின் முகம் வெளிறிப்போனது. தெருவில் ஆட்கள் நின்றிருந்தார்கள், சிலர் திரும்பிக்கொண்டார்கள். நான் அங்கிட்டும் இங்கிட்டும் தேடினேன். மாட்டுக்கு வைத்திருந்த கழனித்தொட்டியில் வெள்ளையாக ஏதோ மிதந்தது. கைவிட்டு எடுத்தேன். தவிடும் புளிச்ச நாற்றமும்.

"ஐயோ, என் ஷூ!" என்றாள் மரகதம்.

உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். பச்சை நூல்.

படியோரம் பிலோமினாவினுடையதோடு ஒட்டிக் கிடந்த ஜோடியைத் திருப்பினேன். சிவப்பு நூல்.

அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொன்னேனோ, சொல்லிவிட்டேன். "இது ஒங்களது இல்லைக்கா. சிஸ்டரோடது."

பிலோமினாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எறிந்தவனுக்கு எல்லா ஷூவும் ஒன்றுதானே! தனியாகக் கிடந்தது வீரன் மகளுடையது என்று தூக்கிப்போட்டிருக்கிறான்.

வீட்டுக்கார அம்மாவுக்குத்தான் அவமானம் தாங்கவில்லை. "எந்தக் கட்டையில போறவன் செஞ்சான்? பேத்திய எடுத்துக் குடுத்த கைக்கு இதுவா மரியாதை?" என்று தெருவைப் பார்த்து ஏசினாள். உள்ளே ஓடிப்போய்ப் புருஷனின் புதுச் செருப்பை எடுத்துவந்து சிஸ்டர் காலடியில் வைத்தாள். "இதைப் போட்டுக்கங்கம்மா. வெயிலு."

சிஸ்டர் அதைப் பார்த்துச் சிரித்தார். "வேண்டாம்மா. இது செருப்பு. உடுப்பு இல்லியே."

அந்த உச்சி வெயிலில் சிஸ்டர் வெறுங்காலோடு நடந்தார். பழக்கமில்லாத பாதம், தாவித் தாவித்தான் நடந்தார். பக்கத்தில் மரகதம் ஷூவோடு. கிணற்றடியில் ஒருத்தியும் இப்போது சிரிக்கவில்லை. அவர்கள் கண்ணுக்குப் பெரிய டாக்டரம்மாவான சிஸ்டர் வெறுங்கால், வீரன் மகள் ஷூக்கால். அவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றதை நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். வேப்பமரத்தடிக்கு வந்ததும் மரகதம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னத்துக்கு அழுக? கொக்கிப்புழு ஏறினா எனக்குல்லா ஏறும்" என்றார் சிஸ்டர்.

திட்டு

அன்று மாலை எல்லாரும் ஷூவை என்னிடம் போட்டார்கள். மரகதம் தரவில்லை. கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை வரிசை. சிஸ்டர் பாதத்தில் கொப்புளம், கட்டுப் போட்டு, யாருடைய பழைய செருப்பையோ மாட்டிக்கொண்டு வந்தார். "இண்ணைக்கு உடுப்பு சரியில்லாத ஆளு நாந்தான்" என்றார். வழக்கம்போல நகம், கொண்டை, வலை என்று பார்த்துக்கொண்டே வந்து மரகதத்தின் முன்னால் நின்றார். குனிந்தார்.

ஷூ முழுக்கச் செம்மண். விளிம்பிலெல்லாம் அப்பிக் காய்ந்திருந்தது.

"மரகதம். ஷூ அழுக்கு."

"ஆமா சிஸ்டர்."

"இப்படியா வரிசைக்கு வருவ? அசிங்கமா இல்ல?"

"இல்ல சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்து, "இருக்கு சிஸ்டர்" என்றாள். சிரிப்பை மறைக்க முடியவில்லை அவளால். எல்லார் முன்னாலும் திட்டு வாங்கிக்கொண்டு, காதுவரை சிரித்துக்கொண்டு நின்றாள்.

சிஸ்டர் முகத்தைக் கடுமையாகத்தான் வைத்திருந்தார். கடிகாரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

மரகதத்தின் அப்பா வீரன் சில நாள் கழித்து விடுதிக்கு வந்தார். முந்திரிப்பழம் கொண்டுவந்திருந்தார். வாசலுக்கு வெளியிலேயே நின்றார், உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. மேலத்தெருவில் அவரை வேலைக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்களாம். ரோட்டுக்குக் கல் உடைக்கிற இடத்தில் சேர்ந்திருக்கிறார். மகள் அழப் பார்த்தாள்.

"சும்மா இரு புள்ள. மாடு போனா கல்லு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அந்த உடுப்பைக் கொஞ்சம் காட்டு தாயி" என்றார்.

நான் அப்போதுதான் வெள்ளை பூசி வெயிலில் வைத்திருந்தேன். சிவப்பு நூல் ஜோடியை எடுத்துக் கொடுத்தேன். மேல்பக்கத்தைப் பார்க்கவில்லை அவர். திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தார். ரப்பர்க் கோடுகளுக்குள் நான் சுரண்டியும் போகாத செம்மண் இருந்தது. நகத்தால் கொஞ்சம் எடுத்துப் பார்த்து, "நம்ம ஊரு மண்ணுதான்" என்றார். கையில் ஒட்டின வெள்ளையை வேட்டியில் துடைக்காமல் அப்படியே போனார்.

மரகதம் படிப்பை முடித்து, தஞ்சாவூர் பக்கம் வேலை கிடைத்துப் போனாள். அப்புறம் நான் பார்க்கவில்லை.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

இதையெல்லாம் நான் சரியாகத்தான் எழுதியிருக்கிறேனா தெரியவில்லை. சேலைக் கரை நீலமா பச்சையா என்றே குழம்புகிறது. அந்தக் காலத்தில் அங்கே படித்தவர்கள் யாராவது இருந்தால் பார்த்துத் திருத்துங்கள், நான் வருத்தப்பட மாட்டேன்.

இன்னொன்றையும் யாராவது சரிபார்த்துச் சொல்ல வேண்டும். சாக்கடை ஓரம் தனியாக வைத்தது மரகதத்தின் ஷூ. அதை என் கண்ணால் பார்த்தேன். திரும்பி வந்தபோது அது படியோரம் இருந்தது. சிஸ்டருடையது தள்ளிப்போய், தொட்டிக்குள் போயிருந்தது. இரண்டும் தானாக நடந்து இடம் மாறியிருக்காது. சோப்பு எடுக்க வந்த சிஸ்டர் மாற்றி வைத்தாரா? அந்த வீட்டு அம்மா செய்தாளா? இல்லை, தெருவிலேயே யாரோ ஒருத்தர், எறியப்போகிறவனை முந்திக்கொண்டு செய்தார்களா?

அன்றைக்குக் கேட்கக் கூச்சம். மரகதக்கா, இது உங்கள் கண்ணில் பட்டால், உங்களுக்குத் தெரிந்திருந்தால், ஒரு வரி எழுதிப் போடுங்கள்.